நிழல் பக்கம் போன திலா

எங்கள் ஊர் கோஸ்தாவில் வீட்டு மாடத்தில் நின்றால், பள்ளத்தாக்கின் அந்தப் பக்கச் சரிவில் பெஸ்கோல் கிராமம் நேர் எதிரே இருக்கிறது. உரக்கக் கத்தினால் அங்கே நாய் குரைக்கும். ஆனால் போய்ச் சேர, ஆற்றங்கரைத் தேவாலயம்வரை இறங்கி, பாலத்தைக் கடந்து, மறுபடி மலையேற வேண்டும். பனிக்காலத்தில் அரை நாள் ஆகிவிடும். எங்கள் சரிவு தெற்கு பார்த்தது. பெஸ்கோலில் நவம்பரில் பாறைக்குப் பின்னால் போகிற சூரியன் பிப்ரவரியில்தான் திரும்பி வரும்.

பள்ளியில் எங்களுக்கு ஒரு வாரம் ஜெர்மனில் பாடம், மறு வாரம் இத்தாலியனில். இரண்டு புத்தகங்களிலும் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரே மாதிரிதான் எழுதியிருந்தது: வெயில் பக்கம் வீடும் வயலும், நிழல் பக்கம் காடு. அந்தக் காட்டுக்கு நடுவே ஏன் சிலர் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்று எந்த மொழியிலும் இல்லை. நானும் கையைத் தூக்கிக் கேட்கவில்லை. ஆனால் வெயில் பக்கத்திலிருந்து தானாகவே அங்கே போன ஒருத்தி எங்கள் வீட்டிலேயே உண்டு. என் அப்பா தோனேவின் அக்கா, திலா அத்தை.

தீயணைப்புப் படை விழாவில் அத்தையோடு ஆடியவர் பெஸ்கோல்காரர் யாக்கோ. ஆட்டம் முடிவதற்குள் மூன்று பேரின் காலை மிதித்தாராம். கல்யாணப் பேச்சு வந்தபோது அத்தையின் அம்மா, அதாவது என் பாட்டி, "அந்தப் பக்கம் மாடுகூட யோசிச்சுத்தான் மேயும், நீ குடித்தனம் பண்ணப் போறியா?" என்று கேட்டாள். கல்யாணம் செப்டம்பரில் நடந்தது. அப்போது பெஸ்கோலிலும் வெயில் இருந்தது.

புறப்படும்போது பாட்டி அத்தையின் பெட்டிக்குள் ஒரு சிவப்பு இறகுப் போர்வையை வைத்தாள்.

"முடியலைன்னா இதை மாடத்துல போடு. தம்பியை அனுப்பறேன். நான் தெனமும் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

தொலைபேசியில் சொல்ல வழியில்லை. பெஸ்கோல் வீட்டில் அது மாமியார் ரொசாலியாவின் நாற்காலிக்கு மேலே, அவள் காதுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது.

பாட்டி சொன்னபடியே செய்தாள். தினமும் காலையில் வேட்டைக்காரர்களின் தொலைநோக்கியோடு மாடத்துக்கு வருவாள். கண்ணாடி வெயிலில் பளிச்சென்று மின்னுவது பெஸ்கோலில் நன்றாகத் தெரியும். அத்தை உடனே சுத்தமான ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். நிமிர்ந்து நிற்பாள், சிரிப்பாள், கையசைப்பாள்.

"அழணும்னா மாட்டுத் தொழுவத்துக்குப் போவேன். அங்க ஜன்னல் பின்பக்கமா இருந்துச்சு," என்றாள் பின்னாளில் என்னிடம்.

மாமியாரும் விடமாட்டாள். "நேரா நில்லுடி. பட்டினி போடறோம்னு நெனைக்கப் போறாங்க. படியில பனி கெடக்கு பாரு, கோஸ்தாக்காரங்க சிரிப்பாங்க." அந்தக் கண்ணாடி மின்னத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, கோஸ்தாக்காரர்கள் பார்ப்பார்கள் என்றுதான் ரொசாலியா படி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் வானம் தெளிந்து கடுங்குளிர் இறங்கியது. அப்படிப்பட்ட குளிரில் படுக்கையை வெளியே போட்டால் பூச்சி செத்துவிடும் என்று யாக்கோவின் போர்வையை ரொசாலியா மாடத்தில் தொங்கவிட்டாள். மதியம் தாண்டி என் அப்பா பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மீசையில் பனிக்கட்டி தொங்கியது.

"அக்கா, பெட்டியக் கட்டு. அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"எதுக்குப் பெட்டி?" என்றாள் ரொசாலியா. "யாருக்கு என்ன ஆச்சு?"

"சிவப்புப் போர்வை தொங்குதே. அம்மா பாத்துட்டு ஒரே கூப்பாடு."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தொங்கியது நீலப் போர்வை.

"இதுவாடா சிவப்பு? வெயில்லயே கெடந்து கண்ணு அவிஞ்சுபோச்சா உங்களுக்கு?"

"அங்கேருந்து எல்லாம் கறுப்பாத்தான் தெரியுது," என்றார் அப்பா. அவருக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை.

யாக்கோ கையில் வைக்கோல் வாரும் கவைக்கோலோடு வந்தார். "சிவப்புன்னா என்ன அர்த்தம், திலா?"

அத்தை சொன்னாள். யாக்கோ கவைக்கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நெஜமாவே போகணும்னா சொல்லு. பெட்டிய நானே தூக்கிட்டு வரேன். இவன் பாதி வழியில உருட்டிவிட்டுடுவான்," என்றார்.

அத்தை அப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாள் என்று நான் கேட்டேன். சில நாளாகவே பாதிப் பெட்டி யாருக்கும் தெரியாமல் கட்டியே இருந்ததாம். மீதியைக் கட்ட உள்ளே திரும்பியபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"டேய் தோனே, அம்மாவுக்கு நான் கையசைக்கறது தெரியுமில்ல?"

"என்ன கையசைக்கிறே?"

"தெனமும் காலையில. ஏப்ரன் கட்டிக்கிட்டு. கண்ணாடி வெச்சுப் பாக்கறாங்களே."

"பாக்கறாங்க. ஆனா ஒண்ணும் தெரியாது. கரிச்சட்டிக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரிதான். புகை வந்தா 'எந்திரிச்சுட்டா'ன்னுவாங்க. பனி மூடின மாடத்துல இன்னிக்கு என்னமோ கறுப்பா தொங்குச்சு, அதான் ஓடி வந்தேன்."

ரொசாலியா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ இத்தனை வருஷமா நான் பெருக்கினது?"

"எதை?" என்றார் அப்பா.

வெயிலில் இருப்பவர்களுக்கு நிழல் வெறும் கறுப்பு. நிழலில் இருப்பவர்களுக்கோ எதிர்ச் சரிவின் ஒவ்வொரு ஜன்னலும் தெரியும். அத்தை அந்தச் சரிவில்தான் பிறந்து வளர்ந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கும் இந்தப் பக்கம் கறுப்பாத்தானே தெரிஞ்சுது? ஆனா மக இருக்கற எடத்தை அம்மா கண்ணு எப்படியும் கண்டுபிடிச்சிடும்னு நெனச்சுட்டேன்," என்றாள். "கோஸ்தாவுல நான் கொடியில போட்ட உள்பாவாடையக்கூட பள்ளத்தாக்கே எண்ணும். அந்தக் கண்ணெல்லாம் என்கூடவே வந்திருக்குன்னுதான் நடுங்கிக்கிட்டு இருந்தேன். யாருமே பாக்கலைன்னு உங்கப்பன் சொன்னதும் முதுகுலேருந்து ஒரு மூட்டைய இறக்கின மாதிரி ஆயிடுச்சு. குளிர் என்னவோ அதே குளிர்தான்."

அவள் ஏப்ரனை அவிழ்த்து மாமியார் மடியில் போட்டாள். அப்பாவின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி, வண்டியில் ஏறி உட்கார்ந்து, காலால் உந்தினாள். வீட்டுக்குக் கீழே புல்வெளி முழுக்கப் பனி. காட்டு விளிம்புவரை ஒரே சரிவு. தலைத்துணி பறந்தது. பெஸ்கோலின் நாய்கள் எல்லாம் குரைக்கிற அளவுக்குக் கூச்சலிட்டுக்கொண்டே போனாள்.

"ஏய், பாக்கறாங்கடி!" என்று பழக்கத்தில் எழுந்து கத்திய ரொசாலியா, வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். யாக்கோ முழங்கால் ஆழப் பனியில் விழுந்து எழுந்து பின்னால் ஓடினார். சற்று நேரத்தில் இரண்டு பேர் கூச்சல் கேட்டது. மேலே இழுத்து வந்தார்கள், மறுபடி போனார்கள்.

அப்பா அடுப்படியில் பார்லிக் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருந்தார். வெளிச்சம் குறைய ஆரம்பித்ததும், ரொசாலியா சுற்றிக் கொடுத்த கீரைப் பூரிகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தே திரும்பினார்.

ராத்திரி அவர் கோஸ்தா வந்து சேர்ந்தபோது பாட்டி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அவ எங்கடா? வண்டி எங்கடா?"

"ரெண்டும் அங்கதாம்மா இருக்கு."