இருபத்தேழு நட்சத்திரக் கோப்புகள்

எங்கள் வலிதணிப்பு நிலையத்தில் முந்நூற்றுச் சொச்சம் படுக்கை நோயாளிகளின் விவரம் ஒரே ஒரு கம்ப்யூட்டர் கோப்பில் இருந்தது. யாருக்கு எந்த நாளில் சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும், யார் புண்ணுக்கு என்ன மருந்து, எல்லாம் அதில்தான். காலையில் அது காட்டும் பெயர்களைப் பார்த்துத்தான் வேன் கேரளத்துச் சாலக்குடி ஆற்றைத் தாண்டிப் போகும். பெயர் இல்லாத வீட்டுக்குப் போகாது.

அந்தக் கோப்பு ரத்னவல்லி சேச்சியின் பொறுப்பு; அக்காவை இங்கே சேச்சி என்போம். நாற்பத்திரண்டு வயது, பத்தாம் வகுப்பு, டைப்பிங் சர்டிபிகேட். சனிக்கிழமை மதியமானால் பக்கத்து அறையில் இருக்கும் நர்ஸுக்குக் குரல் கொடுப்பார்.

"லிஸ்ஸி சிஸ்டர், வெளிய வாங்க. கோப்பு குளிக்கப் போகுது."

"ஒரு நிமிஷம் சேச்சி, மருந்து விவரம் ஏத்திட்டிருக்கேன்."

"குளிக்கிற இடத்துல உங்களுக்கு என்ன வேலை? கதவச் சாத்துங்க."

அழித்த பதிவுகளின் இடம் காலியாகவே கிடந்து கோப்பு ஊதிப்போகும். அதைச் சுருக்கிச் சரிபார்ப்பதைத்தான் குளியல் என்பார். வேறு யாராவது திறந்து வைத்திருக்கும்போது செய்தால் கோப்பே கெட்டுவிடும்.

தினசரி நகல் எடுப்பது இன்னொரு கூத்து. நாலரை மணிக்கு காலண்டரில் அன்றைய நட்சத்திரம் பார்த்து, நகலுக்கு அந்தப் பெயரையே வைப்பார். அசுவதி முதல் ரேவதி வரை இருபத்தேழு நகல்கள். அதே நட்சத்திரம் திரும்பி வந்தால் பழையதன் மேல் புதியது ஏறும். பென் டிரைவ் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். "வெள்ளம் வந்தா ஆபீஸ் முங்கும். என் வீடு மேட்டுல இருக்கு" என்பார்.

"தேதி போட்டு வைக்கலாமே சேச்சி" என்றேன், அவருக்கு உதவியாகச் சேர்ந்த புதிதில்.

"தேதி போட்டா பழசத் தேடி அழிக்க ஒரு ஆள் வேணும். இது தானா சுத்தி வரும். என் வீட்டுக்காரர் பிறந்த தேதியே எனக்குத் தெரியாது மோளே. அனுஷம், அவ்வளவுதான்."

நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா தென்னை ஏறுகிறவர். படித்தவள் என்று காட்ட எனக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ஒரு புதன்கிழமை சேச்சி பல் டாக்டரிடம் போயிருந்தபோது, கோப்பில் இரண்டு முறை வந்திருந்த பெயர்களைத் தேடி, பெயரும் வீட்டுப் பெயரும் ஒன்றாக இருந்தவற்றில் ஒவ்வொன்றை அழித்தேன். சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடித்துப் பாராட்டட்டும் என்றிருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து, இன்னொரு புதன்கிழமை, போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"மாளியேக்கல் கொச்சுத்ரேசியா பேசறேன். நான் செத்துட்டேன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"ஐயோ, என்ன சொல்றீங்க?"

"நேத்து வேன் பக்கத்து வீட்டு கொச்சுத்ரேசியாவப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போச்சு. எனக்குக் குழாய் மாத்தி ஏழு வாரமாச்சு. அடிவயிறு வலிக்குது."

இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். குடும்ப வழக்கப்படி ஒரே அப்பம்மாவின் பெயர் இருவருக்கும். வீட்டுப் பெயரும் ஒன்று. நான் அழித்தது இரண்டாம் தடவை எழுதிய பெயரை அல்ல, இரண்டாவது ஆளை. போன் செய்யத் தெம்பு இருந்ததால் இவர் விஷயம் தெரிய வந்தது. பேச முடியாதவர்களில் எத்தனை பேரை அழித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

சேச்சியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "என்னைக்கு அழிச்சே?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க பல் பிடுங்கப் போன அன்னைக்கு."

அவர் முகம் மாறியது. ஐந்து வாரம் என்றால் முப்பத்தைந்து நாள். இருபத்தேழே நாளில் நட்சத்திரம் ஒரு சுற்று முடித்திருக்கும். நல்ல நகல் எல்லாவற்றின் மேலும் கெட்டது ஏறியிருக்க வேண்டும்.

"தீர்ந்துதா சேச்சி?"

அவர் காலண்டரை எடுத்து விரலால் எண்ணினார். "ஞாயித்துக்கிழமை நாம வர்றதில்லையே. அன்னைக்கு வந்த நட்சத்திரத்துல போன சுற்று நகல் அப்படியே கிடக்கும்."

போன ஞாயிறு ஆயில்யம். திறந்தோம். ஒரே ஒரு கொச்சுத்ரேசியாதான் இருந்தார்; அந்த நகலே நான் அழித்த பிறகு எடுத்தது. அதற்கு முந்தைய ஞாயிறு பரணி. அந்த நகல் நான் அழிப்பதற்கு இரண்டு நாள் முந்தையது; அதில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

பழையதை அப்படியே ஏற்றினால் இடையில் பதிந்தவை எல்லாம் போய்விடும். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக ஒப்பிட்டோம். நான் அழித்தவர்கள் ஒன்பது பேர்.

லிஸ்ஸி சிஸ்டர் வேனைக் கிளப்பச் சொன்னார். "இவளும் வரட்டும்" என்றார் சேச்சி. அது தண்டனையா என்று கேட்கத் தைரியம் இல்லை. இப்போதும் தெரியாது.

முதலில் மாளியேக்கல். சிஸ்டர் குழாயை மாற்றி, காய்ச்சல் பார்த்து, மருந்து கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு இல்லை, ஆனால் இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார். நான் கட்டில் பக்கம் போய் நின்றேன்.

"உங்க பேரை அழிச்சது நான்தான். ரெண்டு தடவை எழுதிட்டாங்கன்னு நினைச்சேன்."

அவர் தலையணையில் சாய்ந்தபடியே கேட்டார்.

"படிச்ச பிள்ளையா?"

"ஆமா."

"சரி, அடுத்த வீட்டுக்குப் போ. அங்க யாரும் போன் பண்ண மாட்டாங்க."

இன்னும் எட்டு வீடுகள் இருந்தன.