கத்திரி பழக்கிய கிளி

கிளியைத் தோளில் அமைதியாக உட்கார வைப்பது பெரிய வித்தையில்லை. அந்தத் தோளுக்குச் சொந்தக்காரரை ஆடாமல் இருக்க வைப்பதுதான் இந்தத் தொழிலில் பிராணனை வாங்கும். எழுபதுகளில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று வீடு வீடாகப் போய்க் கிளி பழக்கினேன். பிறருக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கெல்லாம் என் வயிற்றெரிச்சல் புரியும். எனக்கு ஒரே பிடிவாதம்: சிறகை வெட்ட மாட்டேன். பறக்கத் தெரிந்த கிளி தானாக வந்து உட்கார வேண்டும். அந்தப் பெயரை வைத்துத்தான் என் பிழைப்பே.

வைர மூக்குத்தி

வடக்கு மாட வீதி மாமியிடம், நகைகளைக் கழற்றி வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மின்னுவது எதுவானாலும் கிளி கொத்திப் பார்க்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்ததால் மாமி கேட்கவில்லை. கிளி சமர்த்தாகத் தோளில் ஏறியது. மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத்தான் முறைத்தாள்.

"வைரத்தத் தொடப்படாதுன்னு அதுக்குச் சொல்லிக்குடுத்துட்டுன்னா தோள்ல ஏத்தியிருக்கணும்?"

ஆரன்

அடையாறு ஆட்டோக்காரர் ஒருவருக்குக் கிளியைத் தோளில் வைத்துக்கொண்டே வண்டி ஓட்ட ஆசை. ஆரனை மட்டும் தொடாதீர்கள் என்று கெஞ்சினேன். தெருமுனை தாண்டுவதற்குள் அழுத்தினார். கிளி வேப்பமரத்தில் போய் உட்கார்ந்தது. வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் தானாக இறங்கி என் கைக்கு வந்தது. அதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னா நைனா, ஆரன் அடிக்காம மெட்ராஸ்ல எவன் வண்டி ஓட்டுவான்?"

முதலாளியின் அவசரம்

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தீபாவளிக்குள் கிளி தன் தோளில் அமர வேண்டும், கூட்டம் பார்க்க வேண்டும் என்றார். நல்ல கிளி அது. கடையின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டாலும் பறந்து வந்து என் தோளில் உட்காரும். அவரோ மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுகிறவர். காலையில் கடை திறக்குமுன் கொஞ்ச நேரம் கிளியோடு சும்மா இருங்கள் என்றால், அதற்கு ஏது நேரம் என்பார்.

ஒருநாள் போனால், அவர் தோளில் கிளி அசையாமல் இருக்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம். எதிரே நின்று கூப்பிட்டேன். சிறகை விரித்தது, பொத்தென்று தரையில் விழுந்தது. துணி வெட்டும் கத்திரியால் இரண்டு பக்கமும் நறுக்கியிருந்தார். கடையில் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"ஏன் சத்தம் போடுதீரு? நீரு மாசக்கணக்கா மெனக்கெட்டத நம்ம கடைக் கத்திரி ஒரு நிமிசத்துல முடிச்சிட்டுல்லா?"

கிடைத்த பெயர்

இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று வந்துவிட்டேன். அவரோ சேலை வாங்க வந்தவர்களிடமெல்லாம் கிளியைப் பழக்கியது நான்தான் என்று சொல்லிவிட்டார். என்னைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நந்தனத்திலிருந்து வந்த ஓர் ஆபீசரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார், எங்க கிளியும் அதே மாதிரி ஆடாம அசையாம உட்காரணும்."

நான் பழக்கிய கிளிகளெல்லாம் எனக்குத் திட்டு வாங்கித் தந்தன. பேர் வாங்கித் தந்தது, பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒன்றுதான்.