ஒரே கூரைப்புடவை, மூன்று நிறம்

"ஆரத்தி எடுத்து முடிக்கிறதுக்குள்ள மூணு புடவை மாத்தியிருக்கா! அதுல ஒண்ணுகூட நான் எடுத்துக் கொடுத்தது இல்ல!"

இப்படிச் சொல்லிக்கொண்டே ஓர் அம்மாள் கல்யாண ஆல்பத்தை எங்கள் கவுண்டரில் தொப்பென்று போட்டார். பின்னால் புதுப்பெண் தேன்மொழி, அழுது வீங்கிய கண்களோடு. மரக்காணத்தில் இந்த ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்ய உட்கார்ந்து எனக்கு இருபது வருஷம் ஆகிறது. படத்தில் கண்ணை மூடியிருக்கிறேன், தொப்பை தெரிகிறது என்று திட்டியவர்கள் உண்டு. இப்படி ஒரு புகார் அதுவரை வந்ததில்லை.

வந்தவர் மாப்பிள்ளையின் அக்கா. சிங்கப்பூரில் வேலை. கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலிலேயே கடைக்காரரைப் படாதபாடு படுத்தி, அரக்கு நிறத்தில் கூரைப்புடவை எடுத்துக் கொடுத்திருந்தார். ஆல்பத்தில் முதல் பக்கங்களில் அது செங்கல் நிறம். முகூர்த்தத்தில் கறுப்பு. ஆரத்தியில் கத்தரிக்காய்.

"கறுப்புப் புடவையில தாலி கட்டிக்கிட்டிருக்கா. கேட்டா, வீடே சேர்ந்துக்கிட்டு அதே புடவைதான்னு சாதிக்குது."

"சத்தியமா அதேதான் அண்ணி," என்றாள் தேன்மொழி. என் பக்கம் திரும்பி, "நாளைக்கு ராத்திரி பிளைட்டுங்க. இவங்க இந்தக் கோவத்தோடயே போய்ட்டா, நான் அந்த வீட்ல எப்பவும் புடவை மாத்துனவதான்," என்றாள்.

முதலாளி என் காதில், "ஏம்மா, கேமரா ரிப்பேருன்னு சொல்லிடலாமா?" என்றார். நான் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு ஃபைலைத் திறந்தேன். அந்தக் காலை வேளையில் முதல் பக்கங்கள் மானிட்டரில் நல்ல அரக்காகத்தான் இருந்தன. எனக்குத் தலை சுற்றியது. நாளை மாலைக்குள் சரிசெய்து தருகிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு, பொம்மையார்பாளையத்துப் போட்டோகிராபர் ரவிக்குப் போன் போட்டேன். திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும், மவுஸ் அளவிலான ஒரு காலிபரேட்டரோடு வந்து சேர்ந்தான்.

"அக்கா, மானிட்டர்ல வெள்ளைக்கு எதை அளவா வச்சிருக்கீங்க?"

நான் பெருமையாக ஜன்னலைக் காட்டினேன். எதிரே உப்பளம், கரையில் வரிசையாக உப்புக் குவியல்கள். "அதைவிட வெள்ளை உலகத்துல ஏது ரவி?"

வேலைக்கு உட்காரும்போதெல்லாம், திரையின் வெள்ளை அந்தக் குவியலின் வெள்ளைக்கு வரும்வரை மானிட்டர் பட்டனை அமுக்குவது என் வழக்கம். ரவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். புரிந்ததும் நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

காலையில் குவியலில் லேசாக நீலம் ஓடும். நானும் திரையை நீலமாக்குவேன். அதில் படம் நீலமாகத் தெரியும், உடனே மஞ்சளை ஏற்றுவேன். பிரிண்டில் செங்கல். மதியம் உப்பு கண்ணைப் பறிக்கும், பிரைட்னஸை நூறில் வைப்பேன். படம் வெளிறித் தெரியும், இருட்டாக்குவேன். பிரிண்டில் கறுப்பு. சாயங்காலம் குவியல் பொன்னாக இருக்கும், திரையையும் பொன்னாக்கி, படத்தில் நீலத்தைக் கொட்டுவேன். கத்தரிக்காய் தயார்!

உப்பு மூடும் தார்ப்பாயை வாங்கிவந்து ஜன்னலை அடைத்தோம். மானிட்டரை அரை மணி நேரம் சூடாக விட்டு, ரவி காலிபரேட்டரைத் திரைமேல் தொங்கவிட்டான். பிரைட்னஸ் பாதிக்கும் கீழே இறங்கியது.

முதலாளி அலறினார். "டேய், மானிட்டரைக் கொன்னுட்டியா?"

"பிரிண்ட் பேப்பருக்குள்ள பல்பு எரியுதாண்ணே? திரையும் பேப்பர் மாதிரி அடங்கித்தான் இருக்கணும்."

பிரிண்ட் போடும் லேப் தங்கள் பேப்பருக்கென்று கொடுத்த கலர் பிரொஃபைலைப் போட்டு, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே வெள்ளையை வைத்து, முதலிலிருந்து கலர் பார்த்தேன். பாண்டிச்சேரி லேபிலிருந்து மறுநாள் மதியம் டெஸ்ட் பிரிண்டுகள் வந்தன. தேன்மொழியைப் புடவையோடு வரச்சொன்னேன். அண்ணியும் வந்தார்.

டியூப்லைட்டுக்குக் கீழே புடவையை விரித்து, முகூர்த்தப் படத்தை அதன்மேல் வைத்தேன். அரக்குமேல் அரக்கு. அண்ணி குனிந்து, முந்தானை ஜரிகை வரைக்கும் ஒப்பிட்டுப் பார்த்தார். "என் புடவைதான்," என்றார். தேன்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அங்கேயே குதிக்கவேண்டும் போலிருந்தது.

தப்பு முழுக்க என்னுடையது, உப்பை நம்பினேன் என்று ஒப்புக்கொண்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் இன்றும் அதைத்தான் சொல்கிறேன்: ஜன்னலை மூடு, கருவியை நம்பு, ஒரு டெஸ்ட் பிரிண்ட் பார்க்காமல் ஆல்பம் போடாதே.

கிளம்பும்போது அண்ணி மெதுவாகத் திரும்பினார். "புடவை சரியாயிடுச்சுங்க. பொண்ணை மட்டும் லேசா வெள்ளையாக்கிடுங்களேன்."

தேன்மொழி முந்திக்கொண்டாள். "வேணாம் அண்ணி. புடவை கலர் மாறுனதுக்கே இத்தனை கலாட்டா. மூஞ்சி மாறுச்சுன்னா, மூணு பொண்ணு மாத்திட்டாங்கன்னு உங்க தம்பி வந்து நிப்பாரு!"