ஜெர்மன் துறையின் கடைசி மாணவி

எல்ம்க்ரோவ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்டிஸ் வெட்ஸ்டைன் ஜெர்மன் சொல்லிக்கொடுக்க வந்தபோது துறையில் ஐந்து ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார். இன்னொருவர் வெயில் வேண்டுமென்று டெக்சஸ் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். காலியான இடம் எதையும் நிர்வாகம் நிரப்பவில்லை. கடைசியில் ஆர்டிஸே தலைவர், ஆர்டிஸே துறை என்றாயிற்று.

வடக்கு டக்கோட்டாவின் கோதுமைச் சமவெளியில், பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒற்றைக் கட்டடத்தில் தொடங்கிய கல்லூரி அது. சுற்றுப்பட்டில் எல்லாரும் ருஷ்யாவிலிருந்து குடியேறிய ஜெர்மானிய விவசாயிகள். அதனால் முதல் வருஷமே ஜெர்மன் வந்துவிட்டது. முதல் உலகப் போரில் எதிரியின் மொழி என்று நிறுத்தினார்கள். போர் ஓய்ந்து சில வருஷத்தில் தானாகத் திரும்பி வந்தது. அப்படி உலகப் போரையே தாண்டிய பாடத்துக்கு மாணவர் எண்ணிக்கை குறைந்ததே எமனாக வந்தது. துறையை மூடப்போவதாகப் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகம் அறிவித்தது.

ஆர்டிஸ் சும்மா விடவில்லை. ஆசிரியர் பேரவையில் எழுந்து நின்று, தொண்டை கட்டும்வரை பேசினாள். மூடக் கூடாது என்று பேரவை பெரும்பான்மையோடு முடிவு செய்தது. கைகுலுக்கல், பாராட்டு எல்லாம் நடந்தது. மறுவாரம் பல்கலைக்கழகத் தலைவர் பேரவையின் கருத்துக்கு நன்றி சொல்லிவிட்டுத் துறையை மூடினார். பேரவை சொல்வது வெறும் ஆலோசனைதானாம். இத்தனை வருஷம் அதில் உட்கார்ந்து கையைத் தூக்கியதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

ஒரே ஒரு தடங்கல் மிச்சமிருந்தது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் படித்து முடிக்கும்வரை பாடம் நடத்தியாக வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் முடித்துவிட்டுப் போனார்கள். லவோன் ஷாக் மட்டும் எஞ்சி நின்றாள். ஐம்பது வயதைத் தாண்டிய பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இளவயதில் சேர்ந்து, புருஷனின் கை தானிய இயந்திரத்தில் சிக்கியபோது படிப்பை விட்டவள். பிள்ளைகள் தலையெடுத்தபின் மறுபடி வந்து, ஒரு பருவத்துக்கு ஒரு பாடமாகப் படித்தாள். கடைசிப் பாடம், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைகள், பாக்கி. காலைப் பேருந்துக்கும் மாலைப் பேருந்துக்கும் நடுவே, கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்வரிசையில் வந்து உட்காருவாள்.

அவர்களுடைய வகுப்பறையைக் கணினி விளையாட்டு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆர்டிஸின் சின்ன அறையிலேயே பாடம் நடந்தது. முதல் கதையில் பாதிகூடத் தாண்டவில்லை. ஒருநாள் லவோன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கையில் பல்கலைக்கழக முத்திரை போட்ட பெரிய உறை.

"பட்டம் தபால்ல வந்திருக்கு, ப்ரொஃபசர். நான் எப்ப முடிச்சேன்?"

ஆர்டிஸுக்கும் தெரியாது. இருவரும் பாடத்திட்டப் பொறுப்பிலிருந்த டீன் ராண்டல் ப்ரூயிட்டைப் பார்க்கப் போனார்கள். லவோன் முன்பு எப்போதோ படித்திருந்த மேடைப் பேச்சுப் பாடத்தைக் கடைசிப் பாடத்துக்கு ஈடாக வைத்துவிட்டதாக அவர் சிரித்த முகத்தோடு விளக்கினார். அவளுக்கு நல்லது செய்ததாகவே நினைத்தார். காபி வேண்டுமா என்றும் கேட்டார்.

லவோன் உறையை அவர் மேஜைமேல் வைத்தாள். "என் பஸ்ல ஏறாத பிள்ளைய வீட்டு வாசல்ல இறக்கிவிட்டேன்னு நான் சொன்னா, அன்னைக்கே எனக்கு வேலை போயிடும். நீங்க மட்டும் எப்படிங்க சொல்றீங்க?"

டீன் முகத்தில் சிரிப்பு வற்றியது. கணினியில் பதிவாகிவிட்டதை மாற்ற வழியில்லை, பட்டம் பெற்றவரை அதே படிப்பில் மறுபடி சேர்க்கவும் முடியாது என்றார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ராண்டல்? பாடம் நடத்துறவ நான்தானே" என்றாள் ஆர்டிஸ்.

"கேட்டா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்றார் அவர். அன்று அவர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் காற்று ஆளைத் தள்ளியது. வியாழக்கிழமை வீட்டுக்கு வா, உருளைக்கிழங்கும் மாவுருண்டையும் போட்டு நெஃப்லா சூப் வைக்கிறேன், மீதிக் கதைகளைச் சேர்ந்து படிப்போம் என்று ஆர்டிஸ் அழைத்தாள். லவோன் ஒத்துக்கொள்வாள் என்றே நம்பினாள்.

"மனசுல வச்சுக்காதீங்க, ப்ரொஃபசர். வீட்ல உக்காந்து படிக்கணும்னா எப்பவோ படிச்சிருப்பேன். பரீட்சை எழுதணும், நீங்க சிவப்பு மையில திருத்தணும், நான் பாஸாகணும். அதுக்குத்தான் வந்தேன்."

மாலைப் பேருந்துக்கு நேரமாகிறது என்று லவோன் கிளம்பிவிட்டாள். உறை டீன் மேஜைமேலேயே கிடந்தது. அலுவலகம் அதை மறுபடி தபாலில் அனுப்பியதாக ஆர்டிஸ் பிறகு கேள்விப்பட்டாள்.

அடுத்து வந்த இலையுதிர் காலத்தில் ஆர்டிஸுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் வெற்றி பெறுவது எப்படி என்று சொல்லித்தரும் வகுப்பு. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் தேவைப்பட்டதால் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றாள். எடுத்த படிப்பை முடிப்பது எப்படி என்பது முதல் பாடம். அதைப் பாதிவரைதான் நடத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னாள்.