ஷிஃப்ட் விசையின் மேல் ஒரு சங்கு

துறைமுகத்து எடைமேடைக் கணினி அடிக்கடி உறைந்துபோகிறது என்று அதை விற்ற கம்பெனி என்னை அனுப்பியது. அமெரிக்கா போய்விட்ட எவனோ எழுதிவைத்த கெர்னலை, அதாவது கணினியின் அடிமட்ட நிரலை, துடைத்துக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம். அதற்கு ‘ஆர்க்கிடெக்ட்’ என்று அட்டை அடித்துத் தந்திருந்தார்கள். பல் குத்தத் தோதான அட்டை.

உப்பு லாரிகள் வரிசைகட்டி நின்றன.

“எக்கா, மிசின் தூங்குதா, நீங்க தூங்குதியளா?” என்று ஒரு டிரைவர் கத்தினான்.

“ஒன் வண்டி அழகப் பாத்து மயங்கிக் கெடக்குல!” என்றாள் ஆபரேட்டர்.

வாய்தான் சிரித்தது. லாரிகளை வேண்டுமென்றே நிறுத்தி வைக்கிறாள் என்று யார்டு மேனேஜர் புகார் எழுதியிருந்தார். இயந்திரத்தில் குறையில்லை என்று நாங்கள் சொல்லிவிட்டால் அவள் வேலை போய்விடும்.

“முந்தி இப்படி இல்ல ஸார். ஷிஃப்ட் கீ மேல சங்கு வெச்சிருந்தேன், ஒழுங்கா ஓடிச்சு. இன்ஸ்பெக்சன்னு மேனேஜர் எடுத்து ஜன்னல்ல வெச்சிட்டாரு. அன்னையிலேருந்து நிக்குது.”

அழுந்திய விசை ஓயாமல் இன்டரப்ட், அதாவது ‘இங்கே பார்’ என்னும் குறுக்கீட்டுச் சமிக்ஞை, அனுப்பிக்கொண்டிருக்கும். ப்ராசஸர் உறங்கினாலும் உடனே எழும். சங்கு இல்லாதபோது என்ன ஆகிறது என்று கெர்னலைத் திறந்து பார்த்தேன். ‘வேலை உண்டா?’ என்று அது பார்க்கிறது. இல்லை. சரி, ப்ராசஸரை நிறுத்தலாம் என்று போகிறது. அந்தக் கண்சிமிட்டும் இடைவெளியில் லாரி மேடையேறினால் இன்டரப்ட் வருகிறது, வேலையும் வரிசையில் சேர்கிறது. கெர்னலோ மறுபடி பார்ப்பதில்லை. ஏற்கெனவே முடிவு செய்தபடி நிறுத்திவிடுகிறது. இன்னொரு இன்டரப்ட் வந்தால்தான் எழும். லாரி அசையாமல் நிற்கிறது, எங்கிருந்து வரும்?

கெர்னல் வேலை உண்டா என்று பார்ப்பதற்கு முன்பே இன்டரப்ட் நுழையாதபடி அடைத்தேன். வேலை இல்லையென்றால், அந்த அடைப்பைத் திறக்கும் கட்டளையும் ப்ராசஸரை நிறுத்தும் கட்டளையும் ஒட்டி ஒட்டி வருமாறு வைத்தேன். அந்த இரண்டுக்கும் நடுவில் ப்ராசஸர் எதையும் நுழையவிடாது. அன்று மாலைவரை லாரிகள் சங்கில்லாமலே எடைபோட்டுப் போயின.

குறை கெர்னலில், ஆபரேட்டர் மேல் தவறில்லை என்று அறிக்கை எழுதினேன். எங்கள் கம்பெனியில் எனக்கு மேலே இருப்பவர், என்னைவிட இளையவர், போன் செய்தார்.

“அண்ணாச்சி, கோவப்படாதிய. இதே மிசின்தான் ஊரெல்லாம் நிக்கு. கெர்னல்ல குறைன்னா எல்லாவனும் சண்டைக்கு வருவான். ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு மாத்துங்க. ஒங்க திருத்தத்த அடுத்த வெர்ஷன்ல புது வசதின்னு விப்போம்.”

“அந்தம்மாவுக்கு வேலை போகும்.”

“நம்ம கம்பெனி ஆளா அவங்க?”

மறுத்தேன். என் மறுப்பால் ஏற்பட்ட ஒரே விளைவு, அறிக்கையை அவரே எழுதிக் கையெழுத்திட்டதுதான். என் திருத்தத்தை வேறொருவன் வந்து நீக்கிப் போனான்.

அவளை வேலையிலிருந்து நிறுத்திய அன்று ஜன்னலிலிருந்த சங்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

“இதுக்கும் யார்ட்டயாவது கேக்கணுமா ஸார்?”

“உங்க சங்குதானே.”

“அப்ப வாரேன்” என்றாள்.

அடுத்த வாரம் எடைமேடைகளுக்கெல்லாம் கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை போயிற்று: பணிநேரத்தில் ஷிஃப்ட் விசையின் மேல் கனமான பொருள் ஒன்றை வைத்திருக்கவும். விசை அழுந்தியிருந்தால் இயந்திரம் உறையாது என்று விளக்கிய பத்தி என் அறிக்கையிலிருந்து எடுத்தது. ஒரு சொல்லும் மாறவில்லை. அவள் இடத்துக்குப் புதிதாக வந்த ஆபரேட்டர் அரைச் செங்கல் வைத்திருக்கிறான். அதன்மேல் மேனேஜரே சிவப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்தாராம், இன்ஸ்பெக்சனுக்குப் பார்வையாக இருக்கட்டும் என்று.