வெளிநாட்டு அக்கா

அந்த ஹோட்டலில் எல்லோருக்கும் அவள் அக்காதான். வாசல் காவலாளி அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். பத்தொன்பது வயதில் கிளாஸ் கழுவ வந்தவள். பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த தம்பியைக் கரையேற்ற வேண்டியிருந்தது. பார்த்துப் பார்த்தே கலக்கவும் கற்றுக்கொண்டு, சில வருடங்களில் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்றாள்.

அவள் பேர் வாங்கியது ஸ்ப்ரிட்ஸில். சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கிற இத்தாலியப் பானம். பெரிய கிளாஸ் நிறைய ஐஸ், நுரைக்கும் ஒயின் மூன்று பங்கு, ஆரஞ்சு நிறத்துக் கசப்பு மது இரண்டு பங்கு, கொஞ்சம் சோடா. எழுதி வைத்தால் இவ்வளவுதான். அவளோ ஒயினை கிளாஸின் உள்பக்கமாக வழியவிடுவாள். நீளக் கரண்டியை அடிவரை இறக்கி ஒரே ஒரு தடவை மேலே தூக்கிவிடுவாள். அதற்குமேல் கலக்கினால் நுரை செத்துப்போகும். ஸ்ட்ராவை முக்கி, மேல்நுனியை விரலால் அடைத்து எடுத்து, ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்பாள். அந்தச் சொட்டுக்கு மேல் அவள் குடித்ததே இல்லை.

அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்த ஒருவன், இந்த வேலையை விட்டால் பார்க்கலாம் என்றான். வேலையை விட்டால் தம்பியின் படிப்பு நின்றுவிடும். அவனை விட்டாள்.

தம்பி என்ஜினியரானான், தனி வீடு எடுத்துக்கொண்டு போனான். ஒருநாள் வந்து, கல்யாணம் முடிவாகியிருப்பதாகச் சொன்னான். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற நீதிபதி. நிச்சய விருந்தை அவர் ஏற்பாடு செய்திருந்தது இவளுடைய ஹோட்டல் தோட்டத்தில். அன்று மட்டும் அவள் லீவு போட்டுவிட வேண்டும் என்றான். அவள் காரணம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம். தோடு ஒன்று வாங்கி வைத்திருந்தாள், பெண்ணுக்கு என்று கொடுத்தனுப்பினாள்.

லீவு கிடைக்கவில்லை. இன்னொரு பார்மேன் கையை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். விருந்துக்காரர்கள் கேட்டிருந்ததோ நூறு கிளாஸ் ஸ்ப்ரிட்ஸ். தம்பிக்குச் செய்தி அனுப்பினாள். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். தம்பி கவுண்டருக்கு வந்தான்.

"ரெண்டு கொடுங்க" என்றான். பேச்சு வந்த நாளிலிருந்து அவளை வா, போ என்றே பேசியவன்.

கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே காலி கிளாஸோடு வந்து நின்றாள். இன்னொன்று கேட்டாள், கலக்குவதை ஆசையாகப் பார்த்தாள். காதில் அந்தத் தோடு.

"தோடு நல்லா இருக்கும்மா" என்றாள் இவள், வாய் தவறி.

"அவரோட அக்கா அனுப்பினது. வெளிநாட்டுல நர்ஸா இருக்காங்க, லீவு கிடைக்கலையாம். அவங்கள ஒரு தடவை பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை."

கரண்டி கிளாஸுக்குள் இரண்டு மூன்று தடவை சுற்றிவிட்டது. அதைக் கொட்டிவிட்டு வேறு கலக்கிக் கொடுத்தாள்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். "அவ உன்கிட்ட பேசிட்டிருந்ததைப் பாத்தேன். நான் தப்பா எதுவும் சொல்லலையேக்கா. நர்ஸுன்னுதானே சொன்னேன்?"

"அப்போ கல்யாணத்துக்கும் எனக்கு லீவு கிடைக்காதா?"

"அது வந்துக்கா..." என்று இழுத்தான்.

"பிளைட் டிக்கெட் கிடைக்கலைன்னு சொல்லிடு" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

உடனே சரி என்றான். ஒரு வார்த்தை, பேச்சுக்காவது, வேண்டாம் என்று சொல்வான் என எதிர்பார்த்துவிட்டாள். அந்த 'சரி'தான் அவளுக்கு ஆறவே இல்லை.

கல்யாணம் முடிந்து ஏழு வருடமாகிறது. அவன் வீடு மூன்று பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிறது. வேலைக்குப் போகும் பஸ் அந்த வழிதான். மாடியில் குழந்தையின் துணிகள் காய்வதைப் பார்த்திருக்கிறாள். விடுமுறை நாட்களில் காலை பத்து மணிக்கு போன் வரும், முகம் தெரியாத சாதாரண அழைப்பு. தம்பி மகள் பேசுவாள்.

"அத்தை, அங்க இப்போ ராத்திரியா?"

எதிர்ச் சுவரில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்.

"ஆமா கண்ணு, ராத்திரிதான்."

"அப்போ தூங்குங்க அத்தை."

போனை வைத்துவிட்டு, பகல் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவாள்.