கேபிள் இல்லாத மலை

திராட்சைப் பந்தலின் கம்பத்தைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார் லிஃப்ட்காரர். அசையவில்லை. "ம், தாங்கும்" என்று அதற்கு நற்சான்று கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். ஞாயிறுதோறும் அவர் நடக்கிற, மலையைச் சுற்றிவரும் இந்த நடைபாதையில் அவர் கை படாத கம்பமோ பாலமோ கைப்பிடியோ கிடையாது. யார் கேட்டார்கள் இவரை? ஒருவரும் இல்லை. வாரமெல்லாம் மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதைக் கண்டாலும் எவ்வளவு பாரம் தாங்கும் என்றுதான் புத்தி போகும். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மேடைக்கு அடியில் குனிந்து பார்க்கிற ஆசாமி.

அவரால் நம்ப முடியாதது ஒன்றே ஒன்றுதான்: மனைவியின் இதயம். போன குளிர்காலத்தில் அது ஒருமுறை மக்கர் பண்ணியது. "இனி தாராளமா நடக்கலாம்" என்று டாக்டரே சொல்லியாயிற்று. இவர் விட்டால்தானே! முதல் மாடி வீட்டுக்குக்கூடப் படியேற விடாமல் "லிஃப்ட்ல வா, லிஃப்ட்ல வா" என்று பின்னாலேயே துரத்துவார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவள், இன்று காலை அவருக்கு முன்பே ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள். "மலைமேல இருக்கிற குகைக்குப் போய், முழுசா ஒரு சுத்து வந்துட்டுத்தான் வீடு. என்னால முடியலைன்னா, அப்புறம் காலம் பூரா நான் நோயாளியாவே இருந்துட்டுப் போறேன்."

தோட்டத்து ஏற்றத்தில் நாலடிக்கு ஒரு தரம் கேட்டார். "மூச்சு வாங்குதா?"

"உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் வாங்குது."

தோட்டம் முடியுமிடத்தில் ஊருக்கு இறங்க ஒரு குறுக்குப்பாதை உண்டு. "இப்படியே இறங்கிடலாமா?" என்று இழுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் காட்டுக்குள் நுழைந்துவிட்டாள். வெயில் மறைந்தது, ஈர மண் மணத்தது. பால் எப்போது பொங்குமோ என்று அடுப்பருகே நிற்கிறவரைப் போல இவர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தார். கம்பம், பாலம் எதுவும் நினைவில் இல்லை.

மரங்கள் சட்டென்று விலக, எதிரே குகை.

எத்தனையோ வாரம் பார்த்ததுதான். இருந்தும் உள்ளே காலை வைத்ததும் டார்ச்சை எடுத்து மேலே அடித்தார். வெளிச்சம் கூரையைத் தொடாமல் பாதியிலேயே கரைந்தது. எங்கோ இருட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மாடி!" என்றார் அண்ணாந்தபடி. "பாரு. நம்ம தலைக்கு மேல மொத்த மலையும் இருக்கு. ஒரு கேபிள் இல்ல, ஒரு தூண் இல்ல. ஒரு பய வந்து செக் பண்ணல. அது பாட்டுக்கு நிக்குது!"

அவளும் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். பயமாகவும் இருந்தது, அங்கிருந்து நகர மனமும் வரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நானும்தான் நிக்கிறேன். இங்கயும் கொஞ்சம் பாருங்க."

டார்ச் திரும்பியது. சிவந்த முகம், நெற்றியில் வேர்வை, தலைமுடியில் ஒரு காய்ந்த இலை. அவ்வளவு ஏற்றத்தையும் ஏறிவந்து சிரித்துக்கொண்டு நிற்கிறாள்! மலையைப் பார்த்ததைவிட அதிக நேரம் அவளைப் பார்த்தார். "மூச்சு வாங்குதா?" என்று கேட்கத் தோன்றவில்லை.

குகையின் மறுவாசலில் பாதை இறங்கத் தொடங்குகிறது. பாசி பிடித்த கற்கள். அவள் முதல் கல்லில் இறங்கி, திரும்பி, கையை நீட்டினாள். "வழுக்கும். பிடிச்சுக்குங்க."

லிஃப்ட்காரர் தன் கையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, கிரீஸ் கறை ஒரு பொட்டுகூட இல்லை. ஆனாலும் அதைச் சட்டையில் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்துவிட்டு அவளிடம் கொடுத்தார்.